யார் சொன்னது என்று கேட்கும் புள்ளி

கலைவாணி ஒரு வருடம் உட்கார்ந்து தட்டிய குறிப்புகள் எல்லாம் ஒரு நாள் காலையில் சின்னச் சின்னக் கட்டங்களாக மாறிவிட்டன. அவள் வழக்கமாகப் போகும் பிரௌசிங் சென்டரில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்டுப் புதிதாக வாங்கியிருந்தார்கள். அவள் பயன்படுத்திய தமிழ் ஃபான்ட் பழையவற்றோடு போய்விட்டது. கோப்பைத் திறந்தால் கட்டங்கள், நடுவே தொப்பி வைத்த ரோமன் எழுத்துகள். மில்லில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்காக அவள் சேர்த்தது அவ்வளவும் அதில்தான் இருந்தது. இரண்டாயிரத்து நாலாம் வருடம் அது.

ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பத்து வீட்டுக்கு வந்து, வாயைத் திறக்காமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் சேதராப்பட்டு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அவள் கணவன் தெய்வசிகாமணி, முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கேட்டு வாங்கினான். சுவிட்சுப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஊரில் எல்லாருக்கும் அவன் மணி. ஃபிளாப்பியைப் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எழுத்து எங்கயும் போவல கலை. அதும்மேல போட்டிருந்த சட்டைதான் போயிடுச்சி."

அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகளில், எந்தக் கட்டம் எந்த எழுத்து என்று அவளைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக் கேட்டு, ஒரு சின்ன நிரல் எழுதி, பெரும்பாலானவற்றை மீட்டுவிட்டான். மீட்டுக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு வேறு யோசனை ஓடியது. குறிப்புக்கு எதற்குச் சட்டை, எதற்கு அலங்காரம் என்றான். வெறும் எழுத்தாக இருந்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும், இருபது வருடம் கழித்தும் திறக்கும் என்றான். "எழுதுன புரோகிராமும் இருக்க வேணாம், எழுதுனவனும் இருக்க வேணாம். நோட்ஸ் தொறக்கணும். அதான் கணக்கு." தொழில்காரன் தொழிலைப் பற்றிப் பேசுவதுபோல் சாதாரணமாகத்தான் அதைச் சொன்னான். அவளும் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள்.

அப்படிப் பிறந்த அந்த நோட்ஸ் புரோகிராமுக்கு அவன் கடைசிவரை பெயர் வைக்கவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வேறொன்றும் இல்லை. அதை அவன் வளர்த்த விதம்தான் கலைவாணிக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டு முடிந்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "இந்த வாரம் என்னா எரிச்சல்?" அந்த வாரம் குறிப்பு எழுதும்போது எது அவளுக்கு எரிச்சல் மூட்டியதோ, அதுதான் அவன் அடுத்த வேலை. ஒரு சொல் எங்கெங்கே வந்திருக்கிறது என்று தேட முடியவில்லை என்றாள்; தேடும் வசதி வந்தது. ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியவில்லை என்றாள், அதுவும் வந்தது. மற்றவர்கள் வீட்டில் எரிச்சலைச் சொன்னால் சண்டை வரும். அவள் வீட்டில் வசதி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்ன எரிச்சல் கொஞ்சம் வேறு மாதிரி. நல்ல வாக்கியம் ஒன்று குறிப்பில் கிடக்கிறது, அது தான் நினைத்ததா, யாராவது ஒரு மில் அம்மா சொன்னதா என்று தனக்கே தெரியவில்லை என்றாள். மணி கை கழுவிவிட்டுப் போய் மொட்டைமாடியில் நின்றான். கம்பெனிக்குப் போகும்முன் விடிகாலையில் காபியும் கையுமாக உட்கார்ந்து, பல வாரங்கள் அந்த வேலையைச் செய்தான்.

மேற்கோள் வசதி என்று அவன் காட்டியது பார்வைக்கு எளிமையாக இருந்தது. வாக்கியத்தின் முடிவில் ஒரு குறியும் ஒரு சுருக்கப் பெயரும் தட்டினால் போதும். அந்தச் சுருக்கப் பெயருக்கு உரிய முழு விவரத்தைப் புரோகிராமே எடுத்து, ஆய்வேட்டின் பின்பக்கத்தில் வரிசையாகப் போட்டுவிடும். புத்தகமா, பிரெஞ்சுக்காரர் காலத்துக் காகிதமா, வாயால் சொன்னதா என்று வகை உண்டு. வாயால் சொன்னது என்றால் யார், எந்த ஊர், எந்த கேசட் என்று கேட்கும். எதுவும் தட்டாமல் விட்ட வாக்கியத்தின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி நிற்கும். தப்பு என்று அது சொல்லாது. யார் சொன்னது என்று கேட்கும், அவ்வளவுதான். அவளே நினைத்தது என்றால் 'நான்' என்று தட்டினால் புள்ளி போய்விடும்.

முதல் நாள் அவள் தட்டிய 'நான்'களைப் பார்த்து அவளுக்கே கூச்சமாக இருந்தது. இவ்வளவு குறைவா என்று நினைத்தாள்.

வழிகாட்டிப் பேராசிரியருக்கு அந்தப் புள்ளியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் பெயர் மர்த். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மாணவர்கள் எல்லாம் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். அடிக்குறிப்பில் ஒரு கமா தவறினால் அந்தப் பக்கத்தையே திருப்பித் தருகிறவர். மணி காட்டியதைப் பார்த்துவிட்டு, இது என் பிழைப்பில் மண் அள்ளிப் போடுகிறதே, இனி எனக்கு என்ன வேலை என்றார். மதாமிடமிருந்து அதற்குமேல் பாராட்டு வராது என்று வெளியே வந்ததும் கலைவாணி அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பாராட்டில் மணிக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்து அவன் செய்தது ஒட்டும் வசதி. ஒரே ஆளின் பெயர் பல இடங்களில் வந்தால், பெயர், வேலை, தெரு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இது ஒரே ஆள் என்று புரோகிராமே கண்டுபிடித்து ஒட்டிவிடும். மாதக்கணக்கில் அதில் கிடந்தான். அது முடிந்த அன்று கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, கலைவாணியையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தான்.

அந்த வசதி ஒட்டிக் கொடுத்த முதல் பெரிய ஆள் அமிர்தவல்லி. பிரெஞ்சுக்காரர் காலத்தின் கடைசியில், மில்லில் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று பெண்கள் கொடுத்த மனுவில் கைரேகை வைத்திருந்தவள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து, வேலைநிறுத்தத்தின்போது மில் வாசலில் நின்று பேசினாள் என்று சங்கத்து நோட்டீஸிலும் அவள் பெயர் இருந்தது. ஒரே பெயர், ஒரே பிரிவு, ஒரே தெரு. கைரேகை வைத்த சின்னப் பெண் வாசலில் நின்று பேசுகிறவளாக வளர்ந்த கதை. கலைவாணி அதை நாலாம் அத்தியாயத்தின் நடுத்தூணாக வைத்து எழுதினாள்.

எழுதியதை முதலியார்பேட்டைக்குக் கொண்டுபோய்க் கன்னியம்மாளிடம் படித்துக் காட்டினாள். கன்னியம்மாள் அதே தெருக்காரி, எழுபது வயதைத் தொட்டவள். கேசட் கேசட்டாகப் பேசியிருந்தாள். ஆனால் தன் வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். அன்றைக்கு ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட மணியும் கூட உட்கார்ந்திருந்தான். படித்துக்கொண்டிருக்கும்போது, தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன கிழவர் ஒருவர் "இன்னா அமிர்தம், விருந்தாளியா?" என்று குரல் கொடுத்தார். கன்னியம்மாள் திரும்பி, ஆமாம் என்று கையை ஆட்டினாள். அவர் கோவிந்தராசு, கூட வேலை பார்த்தவர் என்று இவர்களிடம் சொன்னாள். கலைவாணி அதைக் கவனிக்காமல் படிப்பைத் தொடர்ந்தாள். வாசலில் நின்று பேசிய இடம் வந்ததும் கன்னியம்மாள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"செத்தவ எப்படிம்மா வந்து கேட்டாண்ட நின்னு பேசுவா?"

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்தது. அமிர்தவல்லி அவள் அக்கா. மனுவில் கைரேகை வைத்தவள் அவள்தான். பிள்ளை பெற்ற வீட்டிலேயே செத்துப்போனாள். மில் வேலையை விட்டுவிட்டால் மறுபடி கிடைக்காது. அதனால் காரியம் முடிந்த கையோடு, மில் கேட்டில் காட்டுகிற அக்காவின் பித்தளைப் பில்லையைத் தங்கச்சியின் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மேஸ்திரிக்கும் தெரியும், கூட வேலை செய்தவர்களுக்கும் தெரியும். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படித்தான். பில்லை இருந்தால் ஆள் இருக்கிறது என்று கணக்கு. வேலையை விட்டு நிற்கும்வரை மில்லில் அவள் அமிர்தவல்லி, வீட்டில் கன்னியம்மாள். வாசலில் நின்று பேசியது கன்னியம்மாள்.

இதை வெளியே சொன்னால் இப்போது உங்களுக்குத் தொந்தரவு ஒன்றும் வராதா என்று மணி கேட்டான். மில்லோடு எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது, இனி யார் வந்து என்ன பிடுங்கப்போகிறார்கள் என்றாள் கன்னியம்மாள். பிறகு கலைவாணியின் கையிலிருந்த தாளைத் தட்டிக் காட்டினாள்.

"நான் பேசுனது எம் பேருல வரணும். அவ செஞ்சது அவ பேருல வரணும். அவ பேர நான் இத்தினி வருசம் வச்சினு இருந்தது போதும். இதுலயாவது பிரிச்சி வுடு."

கலைவாணி சரி என்று சொல்லிவிட்டாள். வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பது ஸ்கூட்டரில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை அவள் காபி கொண்டு போனபோது, அவன் ஒட்டும் வசதியை முழுவதுமாக அழித்துக்கொண்டிருந்தான். மாதக்கணக்கில் செய்தது. அவளுக்குப் பதறியது. அழிக்க வேண்டாம், ஓரமாக எடுத்து வையுங்கள் என்றாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பில்லையப் பாத்து ஆள முடிவு பண்ணான் பாரு மில்லுக்காரன், அதையேதான் நானும் பண்ணியிருக்கேன். தெரியாதது தெரியாததாவே இருக்கட்டும் கலை. கேக்கத் தெரிஞ்சா போதும் இதுக்கு."

கலைவாணி டம்ளரை மேசைமேல் வைத்தாள். அவன் ஆய்வேடு எதையும் படித்தவன் இல்லை. வரலாற்றில் பிளஸ் டூவுக்குப் பிறகு எட்டிப் பார்த்ததில்லை. ஒரு கிழவி சிரித்த சிரிப்புக்காக, ஐஸ்கிரீம் வாங்கிக் கொண்டாடிய வேலையை அவன் வருத்தமே இல்லாமல் அழித்துக்கொண்டிருந்தான். தான் எழுதிய ஒரு பத்தியை நீக்க வேண்டி வந்தாலே இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் அவள்.

அந்த இடத்தில் அவன் வேறொன்றைக் கட்டத் தொடங்கினான். ஒரு ஆளுக்குப் பல பெயர் இருக்கலாம். ஒரு பெயரில் பல ஆள் இருக்கலாம். காகிதத்தில் உள்ள பெயர் ஒன்று, அந்த ஆள் தனக்கு வேண்டும் என்று கேட்ட பெயர் ஒன்று என்று இரண்டுக்கும் தனித்தனி இடம். ஆய்வேட்டில் முன்னால் நிற்பது கேட்ட பெயர்.

மதாம் இதற்கு எளிதில் இசையவில்லை. காகிதத்தில் இருப்பதுதான் பெயர் என்பது அவர் கட்சி. அதற்குக் காரணமும் இருந்தது. அவர் அப்பாவின் பெயர் ஞானஸ்நானப் பதிவில் ஒரு மாதிரியும், மேரி என்கிற பிரெஞ்சு நகராட்சிப் பதிவில் ஒரு மாதிரியும் இருந்ததால், அப்பா இறந்த பிறகு அம்மாவின் பென்ஷன் வருடக்கணக்கில் நின்றுபோயிருந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கான்சுலேட் படி ஏறி இறங்கியது மதாம்தான். ஆளுக்கு ஒரு பெயர் என்று இருந்தால் மனிதர்கள் எவ்வளவு நிம்மதியாக இருப்பார்கள் தெரியுமா என்று கேட்டார்.

மணி வாதாடவில்லை. "காகிதப் பேரும் இருக்கும் மதாம், எங்கயும் போவாது. எது முன்னாடி நிக்கணும்ங்கிறத மட்டும் அவங்களையே கேப்போம்."

மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பக்கத்தில் ஒரு பெயரும் இன்னொரு பக்கத்தில் இன்னொரு பெயரும் என்று குழம்பிக் கிடந்தால் கையெழுத்துப் போடமாட்டேன், முழுக்க ஒரே ஒழுங்கில் வந்தால் பார்க்கலாம் என்றார்.

இரண்டாயிரத்து ஏழில், மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலை வேளையில், சேதராப்பட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நடந்த மணி, கேட் தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான் என்று சொன்னார்கள். கலைவாணி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனுக்கு நாற்பது ஆகவில்லை.

அதற்குப் பிறகு எவ்வளவு நாள் அவள் அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை என்று அவளுக்கே தெரியாது. மின்விசிறிக் காற்றில் அதன்மேல் போட்டிருந்த துணி மட்டும் அசைந்துகொண்டிருக்கும். பல்கலைக்கழகத்திலிருந்து கடைசித் தேதியை நினைவூட்டி ஆள் சொல்லிவிட்ட பிறகுதான் துணியை எடுத்தாள்.

அத்தியாயங்களுக்குள் பெயர்கள் சரியாக வந்தன. கன்னியம்மாள் பேசிய இடத்தில் கன்னியம்மாள் இருந்தாள். ஆனால் பின்பக்கத்தில் வருகிற வரிசை பழையபடி காகிதப் பெயரில்தான் வந்தது. அங்கே கன்னியம்மாளே இல்லை. அமிர்தவல்லி என்று ஒரே ஒருத்தி, செத்தவளும் இருப்பவளுமாகச் சேர்ந்து நின்றாள். அந்தப் பகுதியை முடிக்க மணிக்கு நேரம் கிடைக்கவில்லை.

சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தம்பி செல்வகுமார் வந்து உட்கார்ந்து பார்த்தான். நல்ல பிள்ளை, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் பார்த்தான். கடைசியில், "அக்கா, மாமா எழுதுனது மாமாவுக்குத்தான் புரியும்" என்றான். பின்பக்கத்து வரிசையை யார் படிக்கப்போகிறார்கள், அப்படியே விட்டுவிடு என்றான். மதாமைப் போய்ப் பார்த்தாள். அவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தேதி நெருங்குகிறது, காகிதப் பெயரையே எல்லா இடத்திலும் போட்டுவிடு, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் காகிதப் பெயருக்கு மாற்றிவிடலாம் என்றே உட்கார்ந்தாள். மாற்றுவதற்காகப் பின்பக்கத்து வரிசையைத் திறந்தாள். திறந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. வெறும் தமிழ். அவள் கர்சரைக் கொண்டுபோய் அமிர்தவல்லி என்ற பெயரின் முன்னால் வைத்தாள். அழித்தால் அழிந்தது. தட்டினால் வந்தது. அவன் நிரலுக்குள் இருப்பது அவளுக்குப் புரியாமல் போகலாம். ஆனால் அந்த நிரல் எழுதிக் கொடுத்தது அவ்வளவும், அரிசிச் சாக்கின்மேல் எழுதியிருப்பது போல, படிக்கத் தெரிந்த யாருக்கும் புரிகிற எழுத்து. அதைத் திருத்த அவன் வர வேண்டியதில்லை. எழுதியவனும் இருக்க வேண்டாம் என்றுதானே அதைச் செய்தான்.

கையால் திருத்தத் தொடங்கினாள். அமிர்தவல்லியை இரண்டாகப் பிரித்தாள். அக்காவுக்கு ஒரு வரி, தங்கைக்கு ஒரு வரி. அப்படியே ஒவ்வொரு பெண்ணாக வந்தாள். அம்மாவாசை என்ற பெயரில் இருந்தது இரண்டு பேர் என்பது அப்போதுதான் தெரிந்தது. சந்தேகம் வந்தவர்களிடம் முதலியார்பேட்டைக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டு வந்தாள், உங்கள் பெயர் எப்படி வர வேண்டும் என்று. இந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்டதில்லை என்று ஒருத்தி சொன்னாள். பழைய சுருக்கப் பெயர் இனி யாரைக் குறிக்கும் என்று தெரியாததால், பிரித்த பெயர் எந்தெந்த வாக்கியத்தைப் பாதித்ததோ, அந்த வாக்கியத்தின் ஓரத்தில் எல்லாம் புள்ளி வந்து நின்றது. நூறு பக்கத்துக்கு முன்னால் மறந்துபோன வாக்கியத்தையும் அது விடவில்லை. அவன் முடித்துவிட்டுப் போன வசதி, முடிக்காமல் போன வசதியை அவளைக் கொண்டு முடித்துக்கொண்டிருந்தது. புள்ளி ஒவ்வொன்றாகப் போயிற்று.

கடைசியில் ஒன்று நின்றது. முன்னுரையில். 'தெரியாதது தெரியாததாகவே இருக்கட்டும்' என்று அவள் எழுதியிருந்த வாக்கியத்தின் ஓரத்தில்.

கலைவாணி 'நான்' என்று தட்டப்போனாள். கை நின்றது. புதிய மூலம் என்று திறந்தாள். வகை: வாயால் சொன்னது. இடம்: கருவடிக்குப்பம், வீடு. காகிதப் பெயர்: தெய்வசிகாமணி. அடுத்த கேள்வி, கேட்ட பெயர். அவனிடம் அதைக் கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பக்கத்து வீட்டில் குழாய்த் தண்ணீர் வந்து குடம் நிறையும் சத்தம் கேட்டது. பிறகு மணி என்று தட்டினாள். புள்ளி போய்விட்டது. அழ வேண்டியதையெல்லாம் அப்போதுதான் அழுதாள்.

மதாம் முதலில் பின்பக்கத்தைத்தான் திறந்தார். விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினார். கன்னியம்மாளில் நின்றார், உள்ளே போய்ப் பக்கங்களை ஒப்பிட்டார், திரும்பி வந்தார். இப்படியே பெரும்பாலான பெயர்களுக்கும் செய்தார். மணி என்ற வரிக்கு வந்ததும் விரல் அங்கேயே இருந்தது.

"காகிதப் பேரு எங்க?" என்றார், பழக்கத்தில்.

"அடுத்து இருக்கு மதாம்."

மதாம் தலையை ஆட்டினார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த நிரலைத் தனக்கும் ஒரு பிரதி போட்டுத் தரும்படி கேட்டார். அம்மாவுக்கு வந்த கடிதங்கள் நிறையக் கிடக்கின்றன, யார் யார் எழுதியது என்று தெரியவில்லை என்றார்.

பட்டம் வந்த பிறகு, கட்டி முடித்த பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு கலைவாணி முதலியார்பேட்டைக்குப் போனாள். கன்னியம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். எங்கே இருக்கிறது என்று கேட்டாள். கலைவாணி இரண்டு பெயரையும் படித்துக் காட்டினாள். அக்காவுக்கு நேரே மனுவும் கைரேகையும் மட்டும்தான் இருந்தது, ஒரே வரி.

"அவ்ளோதான் அவளுக்கா?"

"அவ்ளோதாங்கம்மா கெடச்சுது."

"போதும். அவ்ளோதான் இருந்தா." கன்னியம்மாள் அந்த வரியின்மேல் கையை வைத்துக்கொண்டாள். ஸ்கூட்டரில் வருமே அந்தப் பிள்ளை, அது பெயரும் இருக்கிறதா என்று கேட்டாள். கலைவாணி அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

அப்போது தெருவில் கோவிந்தராசு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பார்வை மங்கிவிட்டது போலிருந்தது; வாசலருகே நின்று உற்றுப் பார்த்தார்.

"இன்னா அமிர்தம், எதோ பெரிய பொஸ்தகமா வச்சினு கீற?"

கன்னியம்மாள் திரும்பவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். அவள் மடியில் இருந்த பக்கத்தை நிதானமாக மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"அமிர்தம் செத்து அம்பது வருசம் ஆவுதுய்யா. உனக்கு யாரு வேணும்?"

கோவிந்தராசு கலைவாணியைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி கன்னியம்மாளைப் பார்த்தார்.

"கன்னியம்மா இருக்கா. பேசணும்னா உள்ள வா" என்றாள் அவள்.